ஒரு மதிப்பெண் கேள்வி

இறந்துபோனவர்கள் எல்லோரும் மரம் வளர்க்கச் சொல்லத் தொடங்கியபோதுதான் கமலவேணி டீச்சருக்கு முதன்முதலாகக் குமட்டிக்கொண்டு வந்தது.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். பத்தாம் வகுப்பின் வரலாற்றுச் செயல்திட்டங்கள் அவள் மேசையில் குவிந்திருந்தன. குவிந்திருந்தன என்பது பழக்கதோஷத்தில் சொல்வது. எல்லாம் ஒரு சின்னத் திரைக்குள் அடக்கம். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். பர்மாவில் குண்டு விழுந்தபோது தப்பி, வழியில் காட்டுக்குள் மனைவியைப் புதைத்துவிட்டு, நடந்தே ஊர் வந்து சேர்ந்த ஒருவர், "தினமும் நடைப்பயிற்சி செய்யுங்கள் மாணவச் செல்வங்களே" என்றார். புயலில் குடும்பத்தையே பறிகொடுத்த மீனவப் பெண், பேரிடர்க் காலங்களில் பதற்றப்படாமல் உதவி எண்ணை அழைக்கச் சொன்னாள். மறுநாள் தூக்கு என்று தெரிந்தபின் பேட்டி கொடுத்திருந்த ஒரு கைதி நேர மேலாண்மை பற்றிப் பேசினான். மூன்று பேரும் கடைசியில் மரம் வளர்க்கச் சொல்லிக் கைகூப்பினார்கள்.

பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மதிப்பீட்டு அட்டவணையில், 'இளைய தலைமுறைக்குச் செய்தி' என்ற இனத்துக்குப் பத்து மதிப்பெண் ஒதுக்கியிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் அதையே கேட்டார்கள். கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்.

மீள்குரல் பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காப்பகத்தில் கிடக்கும் பழைய படச்சுருளையோ ஒலிநாடாவையோ அதற்குக் கொடுத்தால் போதும். அதில் இருக்கிற ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். அதே முகம், அதே குரல். ஊர்ப்பேச்சு மட்டும் பிள்ளைகளுக்குப் புரியாது என்று திருத்தமான தமிழாக மாற்றப்பட்டுவிடும். அதற்கு முன்பெல்லாம் பிள்ளைகள் கரகரவென்று ஓடும் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பாதி புரியாமல் விழித்து, மீதியைத் தாங்களே யோசித்து எழுத வேண்டியிருந்தது. அந்தத் துன்பம் அடியோடு நீங்கிற்று.

பள்ளிக்கும் லாபம். நிறுவனர் அய்யாசாமி கண்ணை மூடிப் பல காலம் ஆகிறது. அவர் குரல் பதிவானது வாழ்நாளில் ஒரே ஒரு முறை, பள்ளித் திறப்பு விழாவில்: "ஹலோ, ஹலோ, மைக்கு வேல செய்யுதா? ஏப்பா, பின்னால ஒக்காருங்கப்பா." அவ்வளவுதான். அந்த ஒரு வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு மீள்குரல் தினந்தோறும் காலை வணக்கத்தில் அவரைப் பேச வைத்தது. கையெழுத்துப் போடவே அறுபது வயதில்தான் பழகினார் என்று ஊரில் சொல்வார்கள். இப்போது அவர் கிரேக்கத் தத்துவ ஞானிகளை மேற்கோள் காட்டினார். அவருடைய மகனும் தாளாளருமான முனைவர் குழந்தைவேலு, அந்த நேரத்தில் கண்களை மூடிக்கொண்டு நிற்பார். அந்த முனைவர் பட்டம் வாங்கியது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

பள்ளி இருந்த இடத்தில் முன்பு அய்யாசாமியின் நூற்பாலை இருந்தது. எழுபதுகளின் கடைசியில் அது எரிந்தது. நூற்புக் கூடம் இருந்த இடத்தில் இப்போது குளிரூட்டிய விழா அரங்கம். உள்ளூர் வரலாறு என்ற பாடப்பிரிவில் மில் தீ விபத்துக்கு ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்துக்குச் சான்று, தீ அணைந்த மறுநாள் காலையில் ஒரு செய்திப்படக் குழு எடுத்த சின்னத் துண்டுப் படம். மூன்று பள்ளிகள்தான் அதைப் பயன்படுத்தின. அதிகம் பயன்படுத்தியது இந்தப் பள்ளி.

அந்தப் படத்தில் வருகிற ஆள் ஒரு மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார்.

"இங்க வரலாறு ஆருங்க?"

எழுபதைத் தாண்டிய வயது. லாரிப் பட்டறை வைத்து இரும்போடு கத்திப் பழகிய குரல். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"நான்தாங்க. கமலவேணி. நீங்க?"

"நாச்சிமுத்து. உங்க சினிமாவுல வர்றவன்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பக்கத்து ஊட்டுப் புள்ள உங்க ஸ்கூலுதானுங்க. வாசல்ல நின்னுட்டு மனப்பாடம் பண்ணுது. மில் தீ விபத்துக்குக் காரணமானவர் யார்? விடை, சரசாள். மில் தீ விபத்துக்குக் காரணமானவர் யார்? விடை, சரசாள். பொழுதன்னிக்கும் இதே. பொறுத்துப் பாத்துட்டு, ஏங்கண்ணு, இத உனக்கு ஆரு சொன்னான்னு கேட்டன். நாச்சிமுத்துன்னு ஒருத்தர் படத்துல சொல்றாருங்குது."

"அது நீங்களா?"

"நானேதான். சரசா என்ற தங்கச்சிங்க. கூடப் பொறந்தவ. அதுக்குள்ளதான் வெந்து செத்தா. அவ தீ வெச்சான்னு நான் சொன்னனாம்."

யாரோ டிபன் டப்பாவை மூடினார்கள்.

"எனக்குக் காசு பணம் வேண்டாம். மன்னிப்பு வேண்டாம். அவ பேரை அதுலருந்து எடுத்துப்போடுங்க. அது போதும்."

கணினி ஆய்வகத்தில் ரிஸ்வான் சார்தான் மீள்குரலைப் பார்த்துக்கொள்பவர். இளைஞர், எதற்கும் பதறாதவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் படத்தைப் போட்டார்.

கரிப்பிடித்த சுவர். புகை. சட்டை கிழிந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் கேமராவைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக் கத்தினான். "சரசா... ஏ சரசா..." குரல் பிளந்தது. அதோடு சரி. அடுத்த நொடி துணியால் துடைத்தெடுத்தது போல முகம் தெளிந்தது. பையன் கேமராவை நோக்கித் திரும்பிக் கைகூப்பினான்.

"வணக்கம். உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்."

"தீ விபத்துக்குக் காரணமானவர் யார்?" என்று ரிஸ்வான் தட்டினார்.

"சரசாள் என்ற தொழிலாளியின் கவனக்குறைவே காரணம். முதலாளி அவர்கள் தம் உயிரைப் பொருட்படுத்தாமல் பலரைக் காப்பாற்றினார். பணியிடப் பாதுகாப்பு ஒவ்வொருவரின் கடமை. இளைய தலைமுறை இதை..."

"இந்த நாயி ஆருங்க?" என்றார் நாச்சிமுத்து.

ரிஸ்வான் நிறுத்தினார். "நீங்கதாங்க ஐயா."

"நான் அன்னிக்கு இவ்வளவு பேசவே இல்லீங்க. மைக்க நீட்டுனாங்க. அவளக் கூப்பிட்டுட்டே நின்னன். அப்பறம் மில்லு கேட்டு பூட்டிக் கெடந்துச்சுன்னன். அதுக்கு மேல எனக்கு வாய் வரல."

"பின்ன இது எப்படி சார் இப்படிச் சொல்லுது?" என்றாள் கமலவேணி.

ரிஸ்வான் நாற்காலியைச் சுழற்றி உட்கார்ந்தார். "மேடம், இதுக்குத் தெரியாதுன்னு சொல்லத் தெரியாது. தெரியாதுன்னு சொன்னா பசங்களுக்கு மார்க் போயிடும்னு கம்பெனிக்காரன் அப்படித்தான் செஞ்சிருக்கான். யாரால தீ புடிச்சுதுன்னு நம்ம பசங்க கேட்டிருக்காங்க. காரணம் ஒரு வரியில வேணும். அது படம் பூராத் தேடியிருக்கும். அதுல ஒரே ஒரு பேருதான் இருக்கு. அந்தப் பேரை எடுத்துக் குடுத்திருச்சு. அடுத்த வருசப் பசங்க, சரசாள் எப்படித் தீ வச்சாங்கன்னு கேட்டிருப்பாங்க. அதுக்கும் ஒன்னு சொல்லியிருக்கும். கேக்கக் கேக்க அது கெட்டிப்பட்டுப் போச்சு."

காரணம் ஒரு வரியில். கமலவேணிக்குக் காது சூடாயிற்று. எந்த யுத்தமானாலும் எந்தப் பஞ்சமானாலும் காரணங்கள், விளைவுகள் என்று இரண்டு தலைப்புப் போட்டுக் கோடு கிழிக்கச் சொல்லித்தான் இத்தனை வருடமாகப் பிழைப்பு ஓடுகிறது.

"கேட்டு பூட்டியிருந்துச்சுன்னு சொன்னது எங்க?"

"அதை யாரும் கேக்கல. கேக்காததை அது மெல்ல விட்டுடும். இடம் அடைக்குதில்ல."

"பழைய படம், ஒரிஜினல், அது எங்கயாவது இருக்குமில்ல?"

"சுருள் புளிச்ச நாத்தம் அடிச்சு உருகிப்போச்சு. ஏத்தி முடிச்சதும் தூக்கிப் போட்டுட்டாங்க. ஏத்துன அந்த ஒரே காப்பி மேலயேதான் இது திரும்பத் திரும்ப எழுதிட்டு வருது."

நாச்சிமுத்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மொத தடவ கூப்பிட்டனே. அது மட்டும் நான்தானுங்க. இன்னொருக்கா போடுங்க."

ரிஸ்வான் போட்டார். கிழவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"போட்டோ கீட்டோ எதாவது இருக்குங்களா அவங்களோடது?" என்று கமலவேணி கேட்டாள்.

"எங்கீங்க. வயசு பத்தலேன்னு மில்லுல பேரே எழுதாமத்தான் வேலைக்கு வெச்சிருந்தாங்க. செத்தவங்க கணக்குலயும் அவ இல்ல. பேருன்னு ஒன்னு இருக்கறது இந்தப் படத்துலதான். அதையும் இப்பிடி நாறடிச்சு வெச்சிருக்கீங்க."

தாளாளரிடம் போனால் நடக்கும் என்று அவள் நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. குழந்தைவேலு முழுவதும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் விரிந்தது.

"உசுரோட இருக்காராம்மா அந்த ஆளு?"

"ஆமாங்க சார். வெளிய உக்காந்திருக்கார்."

"அடடா. வெள்ளிக்கிழமை கண்காட்சி வச்சிருக்கோம், மாவட்டத்துலருந்து நடுவர் வர்றாரு, இந்த நேரம் பாத்து ஆண்டவன் அனுப்பியிருக்கான் பாருங்க. வாழும் சான்று. மேடையில அந்தப் பக்கம் திரையில பையன், இந்தப் பக்கம் இவரு. ரெண்டு பேரையும் பேச விடுவோம். எந்த ஸ்கூல்ல இருக்கு இப்படி?"

"சார், அவர் வந்தது அவர் தங்கச்சி பேரை எடுக்கச் சொல்லி."

"மேடையில சொல்லட்டும்மா. நடுவர் முன்னாடி சொல்லட்டும். நம்ம தடுப்போமா? ஒரு பொன்னாடை கூடச் சொல்லிடுங்க."

பொன்னாடை விஷயத்தில் அந்தப் பள்ளி தாராளம். வெள்ளிக்கிழமை அரங்கத்தில் வரவேற்புரைக்கு ஒன்று, வரவேற்றவரை வரவேற்றவருக்கு ஒன்று என்று போர்த்தி முடிக்கவே நேரம் சரியாக இருந்தது. நடுவர் பேராசிரியர் திருவேங்கடம் ஓய்வு பெற்ற வரலாற்றுத் துறைத் தலைவர். தம்முடைய அறிமுகவுரையைத் தாமே எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதை வாசித்தபோது, முதல்முறை கேட்பவர் போல நாணிக்கொண்டார். அதன் பிறகு நிறுவனர் அய்யாசாமி திரையில் தோன்றி விழாவைத் தொடங்கிவைத்தார். வரலாறு என்பது மனசாட்சியின் கண்ணாடி என்றார். மைக்கு வேலை செய்கிறதா என்று அவர் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தார்.

கமலவேணி பக்கவாட்டில் நின்றாள். மேடையில் நாச்சிமுத்து வெள்ளைச் சட்டையில் விறைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே ஆளுயரத் திரையில் பதினெட்டு வயது நாச்சிமுத்து. செயல்திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரணிதா என்ற மாணவி நடுவில் நின்று, பயிற்சி செய்த புன்னகையோடு தொடங்கினாள்.

"மில் தீ விபத்துக்குக் காரணமானவர் யார்?"

திரை தன் பாடத்தை ஒப்பித்தது. சரசாள். கவனக்குறைவு. முதலாளியின் தியாகம்.

"பொய்யி," என்றார் கிழவர். "தீ புடிச்ச குடோன் பக்கமே அவ போகல. கேட்டு பூட்டிக் கெடந்துச்சு. உள்ள இருந்து கையில தட்டுனாங்க. அந்தச் சத்தம் இப்பவும் எனக்குக் கேக்குது."

முன்வரிசையில் தாளாளர் கால்மேல் கால் போட்டிருந்ததை இறக்கினார். ஆனால் பதற வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. திரையிலிருந்த பையன் கிழவரைக் கனிவோடு பார்த்தான்.

"பெரியவரின் உணர்வுகளை மதிக்கிறேன். துயரமான நிகழ்வுகளுக்குப் பின் நினைவு தடுமாறுவது இயல்பு. அவருக்கு நாம் ஆறுதலாக இருப்போம்."

அரங்கம் கைதட்டியது. பெற்றோர்கள் செல்பேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்தார்கள்.

"டேய், நான்தான்டா நீ," என்றார் நாச்சிமுத்து. அதற்கும் கைதட்டினார்கள்.

நடுவர் எழுந்து மைக்கைச் சரிசெய்தார். "மிக அருமையான தருணம். மாணவர்கள் இதிலிருந்து ஒரு அடிப்படை விதியைக் கற்றுக்கொள்ள வேண்டும். நிகழ்ச்சி நடந்த காலத்துக்குப் பக்கத்தில் பதிவானதுதான் முதன்மைச் சான்று. பல்லாண்டு கழித்துச் சொல்லப்படும் நினைவு இரண்டாம் நிலைதான். அய்யா அவர்கள் மீது நமக்கு மரியாதை உண்டு. ஆனால் வரலாறு உணர்ச்சிக்கு இடம் கொடுக்காது."

கமலவேணிக்குத் தொண்டையில் புளிப்பு ஏறிற்று. ஒவ்வொரு ஜூன் மாதமும் அவளே கரும்பலகையில் எழுதிப்போடும் வரி அது. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

முதல் பரிசு. கேடயம் பிரணிதாவின் இடுப்பு உயரம். நாச்சிமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு, ஒருவருக்குச் செய்து ஒருவருக்குச் செய்யாமல் விடுவது முறையல்ல என்று தாளாளரே மேடையேறி, திரையின் மேல்விளிம்பில் இன்னொரு பொன்னாடையைப் போட்டார். அது பையனின் ஒரு கண்ணை மறைத்தது. அவன் நன்றி சொன்னான்.

வெளியே வந்தபோது நாச்சிமுத்து பொன்னாடையைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, நான் இன்னும் உசுரோட இருக்கறதுதான் தப்புங்களா?"

"கொஞ்ச நாள் குடுங்க. அவங்க பேரை நான் எடுத்துக் காட்டறேன்," என்றாள் கமலவேணி. சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தாள்.

ரிஸ்வான்தான் வழி சொன்னார், தமக்கே தெரியாமல். மீள்குரல் நிறுவனத்துக்கு எழுதலாமா என்று அவள் கேட்டபோது சிரித்தார். "எழுதுங்க மேடம், நன்றின்னு பதில் வரும். அது யார் சொல்றதையும் நம்பாது. கேக்கற கேள்வியைத்தான் நம்பும். நூறு பேரு ஒரே மாதிரி கேட்டாங்கன்னா அதுதான் நெசம்."

பத்தாம் வகுப்பில் ஐந்து பிரிவுகள், ஒன்பதில் ஐந்து. எல்லாவற்றுக்கும் வரலாறு அவள் பொறுப்பு. பிள்ளைகளை யோசிக்கவிடாமல் ஒரு காரியத்தைச் செய்யவைப்பது எப்படி என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லித் தருவதில்லை. ஆனால் பணியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் வந்துவிடுகிறது. வீட்டுப்பாடம் கொடுத்தாள். ஒவ்வொருவரும் தினமும் மீள்குரலில் மில் தீ விபத்து பற்றிக் கேட்க வேண்டும். கேள்விகளை அவளே எழுதிக் கொடுத்தாள். பூட்டியிருந்த வாயிலுக்கு வெளியே எத்தனை பேர் நின்றார்கள். பூட்டியிருந்த வாயிலை யார் திறந்தார்கள். பூட்டியிருந்த வாயிலின் சாவி யாரிடம் இருந்தது. அடியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பும் எழுதினாள்: சரசாள் என்ற பெயர் எந்தக் கேள்வியிலும் வரக்கூடாது. வந்தால் பாதி மதிப்பெண் குறைக்கப்படும்.

பிள்ளைகள் எதற்கு என்று கேட்கவில்லை. எழுத வேண்டுமா, சமர்ப்பிக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டார்கள். மற்ற இரண்டு பள்ளிகளிலும் அவளுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கேள்வித்தாளை அப்படியே அனுப்பினாள். தயாராக வந்த கேள்வித்தாளை வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர் இன்னும் பிறக்கவில்லை.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் பையன் பதிலை இழுக்கத் தொடங்கினான். சரசாளின் கவனக்குறைவு 'ஒரு தொழிலாளியின் கவனக்குறைவு' ஆயிற்று. அப்புறம் 'கவனக்குறைவு என்றும் சிலர் கூறுவர்' ஆயிற்று. பொங்கல் விடுமுறை முடிந்து வந்து அவள் கேட்டபோது, பையன் ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னான்: "காரணம் வாயில் பூட்டப்பட்டிருந்ததே. சாவி முதலாளியிடம் இருந்தது."

தாளாளர் கவனிக்கவில்லை. செயல்திட்டங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதுதான் அவர் வழக்கம். அவற்றைப் பார்க்கிற வழக்கம் இல்லை.

கமலவேணி அன்று பகல் முழுக்க ஒருவிதமான மிதப்பில் இருந்தாள். பொய்யை வைத்தே உண்மையைத் திருப்பிக் கொண்டுவந்தாயிற்று. கை கொஞ்சம் அழுக்காயிற்று, பரவாயில்லை. நாச்சிமுத்துவுக்குப் போன் செய்து வரச்சொன்னாள்.

அவர் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். ஆய்வகத்தில் மூன்று பேர் மட்டும். அவள் தானே கேள்வியைத் தட்டினாள். பையன் பதில் சொன்னான். வாயில், பூட்டு, சாவி. தெளிவான தமிழ்.

"பேரு போயிடுச்சுங்க," என்றாள் கமலவேணி. "எப்படிக் கேட்டாலும் வராது. நானே கேட்டுப் பாத்துட்டேன்."

கிழவர் தலையாட்டினார். கண் நிறைந்திருந்தது. "புண்ணியமாப் போகும் உங்களுக்கு." மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல இருந்து ஒருக்கா போடுங்க," என்றார்.

ரிஸ்வான் போட்டார். கரிப்பிடித்த சுவர். புகை. பையன் கைகூப்பினான். "வணக்கம். உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்."

"அதுக்கு முந்தி போடுங்க."

"இதுதாங்க ஐயா ஆரம்பம்."

"இல்லீங்க. நான் கூப்புடுவன். மொதல்ல கூப்புட்டுட்டு அப்பறந்தான் இவன் வருவான்."

ரிஸ்வான் விசைகளைத் தட்டினார். முன்னும் பின்னும் ஓட்டினார். சுவர், புகை, வணக்கம். சுவர், புகை, வணக்கம். அவர் கமலவேணியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"யாரும் கேக்காததை அது வச்சுக்காதுங்க," என்றார் ரிஸ்வான் மெதுவாக. "அந்தப் பேரு எங்கயும் வரக்கூடாதுன்னு..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

"நான்தானுங்களே எடுக்கச் சொன்னன்," என்றார் நாச்சிமுத்து.

கமலவேணிக்கு, மேடையில் நடுவர் பேசியபோது வந்த அதே குமட்டல் வந்தது. இந்த முறை அது யாரைப் பார்த்து வருகிறது என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை.

"மறுபடி பிள்ளைங்களைக் கேக்கச் சொல்றேங்க," என்றாள். "சரசா எங்கன்னு கேக்கச் சொல்றேன். வந்துடும். என்ன ரிஸ்வான், வருமில்ல?"

"வரும் மேடம். ஒரு சரசா வரும்." அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாம என்ன கேக்கறமோ அந்த மாதிரி."

கிழவர் அதைக் காதில் வாங்கினாரா தெரியவில்லை. நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டு, திரைக்கு முகத்துக்கு முகமாக உட்கார்ந்தார்.

"டேய் நாச்சி. சரசா எங்கடா?"

பையன் பணிவாகப் புன்னகைத்தான். "மன்னிக்கவும். அப்படி ஒருவர் இருக்கவே இல்லை."

"உன்ற தங்கச்சிடா. செவப்புப் பாவாடை கட்டியிருப்பா. வலது காது, தோடு இழுத்து அறுந்து போயிருக்கும். நீ சைக்கிள்ல வெச்சுக் கூட்டிட்டுப் போவே. பின்னால ஒக்காந்துட்டு உன்ற முதுகுல கோலம் போடுவா, வெரல்ல."

பையன் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். தலையைச் சற்றுச் சாய்த்து, ஒவ்வொரு சொல்லையும் வாங்கி வைத்துக்கொள்கிறவன் போல. கமலவேணிக்கு விளங்கிவிட்டது. அடுத்த வருடம் இது ஒரு கேள்வியாகும். சரசாளின் எந்தக் காது அறுந்திருந்தது, ஒரு மதிப்பெண். அவள் எழுந்து சுவரோரம் போய் மின்விசையில் கைவைத்தாள்.

"டீச்சரம்மா, அணைக்காதீங்க," என்றார் கிழவர் திரும்பாமலே. "அவன் கேக்கறான் பாருங்க. இத்தன வருசத்துல அவளப் பத்தி ஆரும் என்னைக் கேட்டதில்ல."

அவள் கையை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

"நினைவுக்கு வருகிறது," என்றான் பையன். குரலில் லேசாக ஒரு நடுக்கத்தைக் கூடச் சேர்த்துக்கொண்டிருந்தான். "சிவப்புப் பாவாடை. முதுகில் விரலால் கோலம். கூந்தலில் எப்போதும் கனகாம்பரம் வைத்திருப்பாள்."

கிழவரின் வாய் பாதியில் நின்றது. கனகாம்பரத்தை அவர் சொல்லியிருக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, ரொம்ப தூரத்தில் எதையோ தேடினார். திரையில் பையன் காத்திருந்தான்.

"ஆமா," என்றார் நாச்சிமுத்து. "கனகாம்பரந்தான். வெச்சிருப்பா."